அவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

(பழவேற்காடு ஏரிக்கரையைச் சேர்ந்த தோணிரேவில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



கொள்ளை நோய் எப்படி வருகிறது, அது எங்கிருந்து வந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி இன்று எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பொது வாசகசாலையிலும், பழைய புத்தகக் கடையிலும், விஷயம் தெரிந்தவர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் படித்ததுதான். ஆகையால் நான் சொல்வதை ஒரு டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு சாதாரண மனிதன் யோசித்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லுகிறேன். இதை மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாய்த்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

நான் பிறந்ததும் ஒரு கடற்கரைக் குப்பம்தான். 30 வருஷங்களுக்கு மேல் இருக்கும். நான் சிறு பையன். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் வாந்திபேதி கண்டது. முதல் நாள் இரண்டு பேர். மறுநாள் ஏழு பேர். நாலாவது நாள் எங்கள் தெருவில் நோய் இல்லாத வீடே இல்லை என்று ஆயிற்று. பெரியவர்கள் கூடினார்கள். பூசாரிக்கு ஆள் போயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நோய் நிற்கவில்லை. அப்போது யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் தெருக்கோடியில் தனியாக ஒரு கிழவி இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகளும் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். "ஊரெல்லாம் விழுகிறதே, இந்த ஆயாவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் வரவில்லை?" என்பதுதான் அந்தக் கேள்வி.

அவ்வளவுதான், பதிலும் உடனே தயாராகிவிட்டது. அவள்தான் செய்வினை வைத்தாள் என்றார்கள். அன்று மாலையே அவள் குடிசையின் முன்னால் கூட்டம் கூடியது. அவள் ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு மகள் ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் முதுகில் கல் விழுந்தது. கல் எறிந்த பையன்களில் நானும் ஒருவன்.

அவள் போன பிறகு நோய் நின்றதா? இல்லை. அதற்குப் பிறகும் ஒரு வாரம் நடந்தது. சுகாதார இலாகா ஆட்கள் வந்து, சாக்கடைக்குள்ளே ஓடிய தண்ணீர்க் குழாய் உடைந்திருந்ததைக் கண்டு, அதை அடைத்து, வேறு தண்ணீர் கொடுத்த பிறகுதான் நின்றது. ஆனால் அந்த ஆயாவைத் திரும்ப அழைத்து வர யாரும் போகவில்லை. நான் வளர்ந்து, நாலு எழுத்துப் படித்து, புத்தி வந்து தேடிக்கொண்டு போனபோது அவள் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகள்தான் சொன்னாள்: "அம்மாவுக்கு இளைப்பு உண்டு. சுக்குப் போட்டுக் காய்ச்சின வெந்நீரைத் தவிர பச்சைத் தண்ணீர் குடிக்கவே மாட்டாள்."

தோழர்களே! கவனித்துப் பாருங்கள். "அவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்று எங்கள் ஊர் கேட்டதே, அந்தக் கேள்வி தப்பான கேள்வியா? இல்லை. அதுதான் முதல்தரமான கேள்வி. உலகத்தில் கொள்ளை நோயின் மூலத்தைக் கண்டுபிடித்த பெரிய அறிவாளிகளெல்லாம் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எங்கள் ஊர் செய்த தப்பு என்னவென்றால், கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் வீட்டு அடுப்பையும் பானையையும் பார்க்காமல், தன் மனத்துக்குள்ளே முன்பே தயாராக இருந்த பதிலை எடுத்துக்கொண்டதுதான்.

லண்டனில் நடந்தது

இதே கேள்வியை இன்னொருவர் கேட்ட கதையைச் சொல்லுகிறேன். 1854-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் பட்டணத்தில் பிராட் தெரு என்ற இடத்தைச் சுற்றிக் காலரா கண்டது. பத்தே நாட்களில் அந்தத் தெருவைச் சுற்றி 250 கஜ தூரத்துக்குள் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். வெள்ளைக்காரன் ஊராயிற்றே, அங்கே எல்லாரும் அறிவாளிகள் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே பெரிய பெரிய டாக்டர்களே கெட்ட காற்றினால், துர்நாற்றத்தினால் காலரா வருகிறது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஜான் ஸ்நோ என்ற டாக்டர் ஒருவர் இருந்தார். நிலக்கரிக் கிடங்கில் வேலை செய்த ஒரு கூலிக்காரரின் மகன். அவர் என்ன செய்தார்? செத்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டார். செத்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிபம்பின் தண்ணீர் குடித்தவர்கள் என்று தெரிந்தது.

இதோடு விட்டிருந்தால் அவரும் சாதாரண ஆள்தான். நோய் வராதவர்களையும் போய்ப் பார்த்தார் என்பதுதான் அவருடைய பெருமை. அந்தத் தெருவிலேயே ஒரு பீர் ஆலை இருந்தது. எழுபது பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஒருவரும் சாகவில்லை. ஏன்? அவர்கள் குடித்தது பீர். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆலைக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. பக்கத்தில் ஏழைகள் விடுதி ஒன்று. 535 பேர் இருந்தார்கள். செத்தவர்கள் 5 பேர்தான். அங்கும் தனிக் கிணறு. இன்னொரு பக்கம், பல மைல் தள்ளி நல்ல காற்றோட்டமான இடத்தில் இருந்த ஒரு விதவை அம்மாள் காலராவில் செத்தாள். அங்கே வேறு யாருக்கும் நோயில்லை. விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக வண்டியில் தினமும் அதை வரவழைத்துக் குடித்திருக்கிறாள்! கெட்ட காற்று பல மைல் தாண்டி ஒரே ஒரு கிழவியைத் தேடிக்கொண்டு போகுமா?

ஸ்நோ சொன்னதைக் கேட்டுச் செப்டம்பர் 8-ந்தேதி அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். உடனே நோய் நின்றது என்று கதை சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. கைப்பிடி கழற்றுவதற்கு முன்பே ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடிவிட்டதனால் சாவு குறைந்துகொண்டுதான் வந்தது. இதை ஸ்நோவே எழுதி வைத்திருக்கிறார். நம் கட்சிக்கு அனுகூலம் என்பதற்காக நாம் ஒன்றைக் கூட்டிச் சொன்னால், பூசாரிக்கும் நமக்கும் வித்தியாசம் என்ன?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஸ்நோ சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காக அந்தப் பேட்டையின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட் என்பவர் கிளம்பினார். வீடு வீடாகப் பலமுறை போய்க் கேட்டார். கேட்கக் கேட்க ஸ்நோ சொன்னதுதான் உண்மை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கடைசியில் முதல் நோயாளியையும் அவர்தான் கண்டுபிடித்தார். பம்புக்கு எதிரே இருந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குப் பேதி. அதன் துணிகளை அலசிய தண்ணீர் வாசலில் இருந்த மலக்குழிக்குள் போயிற்று. அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் மூன்றடிகூட இடைவெளி இல்லை. நடுவிலிருந்த செங்கல் சுவரும் இற்றுப்போயிருந்தது. பாதிரியாராயிருந்தும் எண்ணிப் பார்க்கத் துணிந்ததால் அவர் உண்மையை அடைந்தார். யார் சொன்னார் என்பதல்ல முக்கியம். எண்ணிப் பார்த்தாரா என்பதுதான் முக்கியம்.

அதே வருஷம் ஸ்நோ இன்னொரு கணக்கும் எடுத்தார். லண்டனில் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விட்டன. ஒரு கம்பெனி தேம்ஸ் நதியில் சாக்கடை கலக்கும் இடத்தில் தண்ணீர் எடுத்தது. மற்றது மேலே தள்ளிப்போய் நல்ல இடத்தில் எடுத்தது. காற்று ஒன்று, தெரு ஒன்று, சாமி ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு. முதல் கம்பெனித் தண்ணீர் குடித்த 10,000 வீட்டுக்கு 315 சாவு. இரண்டாவது கம்பெனியில் 10,000 வீட்டுக்கு 37 சாவு. காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் கோக் என்பவர் கண்டு உறுதி செய்தது 1884-ல். அதாவது, கிருமியைப் பற்றி உலகம் தெரிந்துகொள்வதற்கு 30 வருஷம் முன்பே, வெறும் எண்ணிக்கையைக் கொண்டே நோயின் வழியைக் கண்டுபிடித்துவிட்டார் ஒரு மனிதர்.

தாயத்தின் கணக்கு

தோழர்களே! இந்த வித்தை உங்களுக்குப் புதிதல்ல. இந்த ஏரியில் வலை போடுகிற நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முகத்துவாரம் திறந்திருந்தபோது எவ்வளவு இறால் பட்டது, அடைந்திருந்தபோது எவ்வளவு பட்டது, காற்று மாறினபோது மடவை எந்தப் பக்கம் போயிற்று என்று மனத்துக்குள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். பட்ட நாளை மட்டுமல்ல, வெறும் வலையோடு வந்த நாளையும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் கணக்கு தப்புவதில்லை. நோய் விஷயத்தில் மட்டும் ஏன் பட்ட நாளை மட்டும் எண்ணுகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு கற்பனைக் கணக்குப் பாருங்கள். ஒரு குப்பத்தில் 80 பேர். 22 பேருக்கு வாந்திபேதி. மந்திரித்த தாயத்துக் கட்டினவர்கள் 40 பேர். கட்டாதவர்கள் 40 பேர். நோய் முடிந்ததும் தாயத்துக் கட்டிப் பிழைத்த 29 பேரும், "என்னைக் காப்பாற்றியது இதுதான்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார்கள். கேட்பவனும் நம்பிவிடுவான். ஆனால் தாயத்துக் கட்டியும் 11 பேர் படுத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கட்டாதவர்களிலும் படுத்தது 11 பேர்தான் என்று எண்ணிப் பார்த்தால் தாயத்தின் யோக்கியதை தெரிந்துபோகும்.

இப்போது அதே 80 பேரை வேறு விதமாகப் பிரியுங்கள். துறைக்குப் பக்கத்து அடிபம்பில் குடித்தவர்கள் 40 பேர். அதில் படுத்தவர் 20. லாரித் தண்ணீர் குடித்தவர்கள் 40 பேர்; அதில் படுத்தவர் 2. ஒரு பக்கம் இரண்டுக்கு ஒன்று. மறுபக்கம் இருபதுக்கு ஒன்று. பத்து மடங்கு வித்தியாசம்! இதைத் தாக்கு வீதம் என்கிறார்கள். இந்தச் சின்ன வகுத்தல் கணக்குத்தான் தொற்றுநோயியல் என்கிற பெரிய சாஸ்திரத்தின் அடிப்படை. நோயாளியை மட்டும் எண்ணினால் போதாது, நோய் வராதவனையும் எண்ணு. இருவரையும் ஒப்பிட்டுப் பார். இதுதான் சூத்திரம்.

விசாரணை செய்யும் முறை

நோய் கண்ட ஊருக்கு வருகிற ஆராய்ச்சிக்காரர் செய்வது என்ன? முதலில், வழக்கத்தைவிட இது அதிகமா என்று பார்க்கிறார். வழக்கம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே அதிகம் என்று சொல்லமுடியும்? ஆகவே சாதாரண நாளிலும் கணக்கு எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, மலத்தைச் சோதனைக்கு அனுப்பி, என்ன நோய் என்று உறுதி செய்கிறார். மூன்றாவது, யாரை நோயாளி என்று எண்ணுவது என்பதற்கு ஒரே அளவுகோல் வைக்கிறார். ஒருவர் இரண்டு தரம் வயிறு போனதை எண்ணி, இன்னொருவர் பத்துத் தரம் போனதை எண்ணினால் கணக்கு உதவாது. நாலாவது, வீடு வீடாகப் போய் யார், எங்கே, எப்போது என்று மூன்றையும் எழுதுகிறார்.

இந்த மூன்றும் பேசும், தோழர்களே! "எப்போது" என்பதை நாள்வாரியாக எழுதினால், ஒரே மூச்சில் ஏறி இறங்கினால் எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே சமயத்தில் எதையோ சாப்பிட்டார்கள் என்று தெரியும். அலை அலையாக வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது என்று தெரியும். "எங்கே" என்பதைப் படத்தில் புள்ளி வைத்தால் கிணறும் குழாயும் காட்டிக் கொடுக்கும். "யார்" என்பதும் பேசும் என்பதற்கு நம் சென்னையிலேயே நடந்த சங்கதியைச் சொல்லுகிறேன்.

1992-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னையில் காலரா போன்ற நோய் கண்டது. சோதனைச் சாலையில் வழக்கமான மருந்தைக் கலந்து பார்த்தால், காலரா இல்லை என்று வந்தது. அதுவரை விஞ்ஞானிகளின் நம்பிக்கை என்னவென்றால், ஓ 1 என்ற வகைக் கிருமிதான் காலராக் கொள்ளை நோயை உண்டாக்கும், மற்ற வகைகளால் முடியாது என்பது. புத்தகங்களிலும் அப்படியே எழுதியிருந்தது. ஆனால் படுத்தவர்களைப் பார்த்தால், குழந்தைகளைவிடப் பெரியவர்கள் ஏராளமாயிருந்தார்கள். காலரா அடிக்கடி வருகிற இடத்தில் பெரியவர்களுக்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருக்கும். குழந்தைகள்தான் அதிகமாகப் படுப்பார்கள். பெரியவர்களும் சரிசமமாக விழுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? இந்தக் கிருமியை இவர்கள் உடம்பு முன்பின் கண்டதில்லை என்று அர்த்தம். ஆராய்ந்தார்கள். அதுவரை தெரிந்த 138 வகைகளில் எதிலும் சேராத புது வகை! ஓ 139 என்று எண் கொடுத்தார்கள். வங்காள விரிகுடாக் கரையில் முதலில் கிடைத்ததால் "பெங்கால்" என்றும் பெயரிட்டார்கள். சில மாதங்களுக்குள் அது கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டிவிட்டது. பிற்காலத்தில் அது ஒடுங்கி, பழைய ஓ 1 வகையே மறுபடியும் மேலோங்கியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? விஞ்ஞானிக்கும் மூடநம்பிக்கை வரும். புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக ஒன்றை நம்புவது, அது எந்தப் புத்தகமானாலும் மூடநம்பிக்கைதான். ஆனால் விஞ்ஞானி உண்மை எதிரே வந்து நின்றபோது புத்தகத்தைத் திருத்தினான். நம்முடைய புராணங்களில் இதுவரை ஒரு வரியாவது அப்படித் திருத்தப்பட்டிருக்கிறதா?

மறைத்தால் கெடும்

இங்கே ஒரு பெரியவர் கூட்டத்துக்கு முன்பு என்னிடம் சொன்னார்: "வாந்திபேதி என்று வெளியே தெரிந்தால் எங்கள் மீனை ஒருவனும் வாங்கமாட்டான், ஆகையால் சொல்லமாட்டோம்" என்று. அவர் கவலை நியாயமான கவலை. வயிற்றுப் பிழைப்பு அல்லவா? ஆனால் 1892-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் என்ற துறைமுகப் பட்டணத்தாரும் இப்படித்தான் எண்ணினார்கள். வியாபாரம் கெட்டுப்போகும் என்று காலராவைக் காலத்தில் அறிவிக்காமல் தாமதித்தார்கள். எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அதை ஒட்டியே இருந்த ஆல்டோனா என்ற ஊர் தண்ணீரை மணலில் வடிகட்டி விட்டதால் பெரும்பாலும் தப்பியது. சாவைவிட வியாபாரத்தைக் கெடுப்பது வேறு என்ன இருக்கிறது? மறைப்பது குடிகள் மட்டுமல்ல. சர்க்கார்களும் காலராவை வெறும் "வயிற்றுப்போக்கு" என்று எழுதி மறைப்பதுண்டு. இரண்டும் தப்பு. உங்கள் கையில் கணக்கு இருந்தால் எந்த அதிகாரியும் உங்களிடம் பொய் சொல்லமுடியாது.

செய்யவேண்டியது

இங்கே ஏரித்தண்ணீர் உப்பும் நன்னீரும் கலந்தது. காலராக் கிருமிக்கு அப்படிப்பட்ட கழிமுகத் தண்ணீர்தான் சொந்த வீடு. கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு பூச்சிகளோடு ஒட்டிக்கொண்டு அதில் வாழும். ஆகவே குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். விறகு இல்லாத நாளில் பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக்கி வடிகட்டுங்கள். வங்காளதேசக் கிராமங்களில் இப்படிச் செய்து பார்த்ததில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் கண்டார்கள். கொதிக்க வைப்பதற்கு அது ஈடாகாது, ஒன்றுமில்லாததற்கு மேல்.

பேதி கண்டவுடன் பட்டினி போடாதீர்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். காய்ச்சி ஆற வைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு சமதேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1971-ல் வங்காள அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர், ஊசிமருந்து தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைத் தகரப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையாலேயே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் செத்த இடத்தில் 4 பேருக்கும் குறைவாயிற்று. எந்த யாகம் இதைச் செய்தது?

பெரியம்மையை மாரியாத்தாளின் வருகை என்றார்கள். வைத்தியம் பார்த்தால் கோபிப்பாள் என்றார்கள். நோய் கண்ட இடத்தைத் தேடிப்பிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தி வளைத்தார்கள். 1975-ல் இந்தியாவில் கடைசி நோயாளி. 1980-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அதற்கு ஆத்தா கோபிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

கடைசியாக உங்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். யாருக்கு வயிறு போயிற்று, எந்த வீடு, எந்தத் தேதி, எந்தத் தண்ணீர் என்று நாலே நாலு கலம் போட்டு எழுதட்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று வீட்டில் கண்டால் உடனே சுகாதார செவிலியரிடம் சொல்லட்டும். அந்த நோட்டில் நோய் வராத வீட்டையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏனென்றால், அடுத்த தடவை இங்கே வாந்திபேதி கண்டால், இந்த ஊரிலும் தெருக்கோடியில் ஒரு கிழவி இருப்பாள். அவளுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். கேட்டுவிட்டு, கல்லை எடுக்காமல், அவள் வீட்டுக்குள் போய், "ஆயா, நீ என்ன தண்ணீர் குடிக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதில் உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும். நான் அதைக் கேட்காமல் போனேன். நீங்கள் கேளுங்கள் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.